லீவு போடாததுக்குக் கிடைச்ச போன்

— நான் கட் பண்ணல அண்ணே. எத்தனை தடவை சொல்றது? அதுவாத்தான் கட் ஆகுது.

— அதுவா கட் ஆகுறதுக்கு அதுக்கு என்னம்மா கோவம்? நீங்க கடைக்குள்ள வந்ததுல இருந்து நானும் இதை நோண்டிக்கிட்டுத்தான் இருக்கேன். கடை போன்ல இருந்து கூப்பிட்டுப் பாத்தாச்சு, எடுத்துப் பேசியாச்சு. லைன் அப்படியே கல்லு மாதிரி நிக்குது.

— உங்க கையில இருந்தா நல்ல பிள்ளை. என் கைக்கு வந்தா புத்தி மாறிடுது.

— விஷயம் என்னன்னா, இப்பத்தான் புதுசா வந்திருக்கிற இந்தத் தடவுற போனெல்லாம் புது மாப்பிள்ளை மாதிரிம்மா. பட்டன் போன் கூடப்பொறந்தவன் மாதிரி. கீழ விழுந்தாலும் தானா எந்திரிச்சுத் தட்டிவிட்டுக்கிட்டு வந்து நிப்பான். இவரு அப்படியா? ஆளைப் பாத்தா அழகு, வேலையைப் பாத்தா இழவு. காலையில வயிறு முட்டப் போட்டாலும் சாயங்காலம் பசிங்கிறாரு. ஈரக் கை பட்டா முறைச்சுக்கிறாரு. கையுறையோட தொட்டா, யாரு நீங்கங்கிறாரு.

— அதெல்லாம் நான் பட்டு முடிச்சுட்டேன். பாட்டில் கம்பெனியில கழுவுற லைன்ல நிக்கிறவ நான். நாள் பூரா ஒண்ணு ஈரக் கை, இல்லைன்னா கையுறை. இடைவேளையில லாக்கர்ல இருந்து எடுத்ததும் மணி அடிக்கும், நானும் தடவுறேன் தடவுறேன், அசையாது. கையைப் பாவாடையில துடைச்சுட்டு வர்றதுக்குள்ள நின்னு போயிடும்.

— பாட்டில் கம்பெனியில நின்னுக்கிட்டு இம்மாம் பெரிய போனா? தப்பா நினைக்காதீங்க. இந்தத் தெருவுல இதை வச்சிருக்கிறது அந்தப் பல் டாக்டரு ஒருத்தருதான்.

— நான் எங்க வாங்கினேன்? கம்பெனியில குடுத்தது. வருஷம் பூரா ஒரு நாள்கூட லீவு போடாம வந்ததுக்குப் பரிசு. மேனேஜரே கையில குடுத்தாரு, எல்லாரும் கை தட்டுனாங்க. இந்த வருஷமும் இதுவரைக்கும் போடல.

— காய்ச்சல் தலைவலின்னு ஒண்ணும் வராதா?

— வரும். அதுபாட்டுக்கு வரும், நான்பாட்டுக்குப் போவேன்.

— நல்லா இருக்கு. படமாவது எடுத்துப் பாக்குறீங்களா? மாப்பிள்ளைக்கிட்ட உருப்படியா இருக்கிறது அது ஒண்ணுதான்.

— அதைக் குறை சொல்ல மாட்டேன். போன் கிடைச்சதும் ஞாயித்துக்கிழமை விடிகாலையில ஊருக்குப் போய் அம்மாவை ஒரு படம் எடுத்துட்டு ராத்திரி வண்டிக்கே திரும்பிட்டேன். ரெண்டு விரலை வச்சு இப்படி விரிச்சா பாருங்க, அம்மா கண்ணுமணியில ஜன்னல் தெரியுது. ஜன்னல் பக்கத்துல நான் நிக்கிறதுகூடத் தெரியுது. லைன்ல சாப்பாட்டு வேளைக்கு எல்லாரும் வாங்கி விரிச்சு விரிச்சுப் பாப்பாங்க.

— அட, ஆமாம். சரி, இப்ப வாங்க வழிக்கு. யார்கிட்டப் பேசுனா கட் ஆகுது?

— என் தம்பிகிட்ட.

— மத்தவங்ககிட்ட?

— மத்தவங்கன்னா யாரு இருக்கா எனக்கு? சூப்பர்வைசர் கூப்பிடுவாரு, ஷிப்ட் மாறியிருக்குன்னு கத்துவாரு. அது கட் ஆகாது. அம்மா பேசுவா, கணீர்னு பேசுவா, அதுவும் கட் ஆகாது. தம்பி வாங்கிப் பேசுனா மட்டும்தான் இந்தக் கூத்து.

— அப்ப தம்பிதான் வைக்கிறாருன்னு வச்சுக்குங்க. இதுக்கு எதுக்கும்மா ரிப்பேர் கடை?

— அதை மட்டும் சொல்லாதீங்க அண்ணே. போன்ல ஒரு கோளாறுன்னு நீங்க சொன்னா நான் நிம்மதியா எந்திரிச்சுப் போவேன். போன் நல்லா இருக்குன்னா என் தம்பி என்னை வெட்டி விடுறான்னு ஆயிடும்.

— சண்டையா?

— சண்டை போடுற ஆளா அவன்? சின்ன வயசுல இருந்து அவனுக்குப் பூனைன்னுதான் பேரு. நடந்தா தெரியாது, பேசுனா கேக்காது. அந்தப் பூனை போன வாரம் சத்தம் போட்டுச்சு அண்ணே. "கேக்கவே கூடாதுன்னு முடிவு பண்ணிட்டியாக்கா? சரி விடு, இனிமே நான் கூப்பிடல"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு வச்சுட்டான். அதுல இருந்து நான் கூப்பிட்டா மணி அடிக்குது, எடுக்க மாட்டேங்கிறான்.

— எதைக் கேக்க மாட்டேன்னு சொன்னீங்க?

— என்னத்தைக் கண்டேன்? "அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்"னு ஆரம்பிப்பான். டொக். திரும்பக் கூப்பிடுவேன். "வச்சுட்டியா?"ம்பான். "நீதானேடா வச்சே"ம்பேன். மறுபடி, "அக்கா, அது வந்து..." டொக். ரெண்டு மாசமா இதே பாட்டு.

— உங்க தம்பி தனியா இருக்காரா?

— அம்மாவும் அவனும். மாடியில ஒரே ஒரு ரூம். அம்மா கட்டிலு, அதை ஒட்டி அவனோட தையல் மெஷினு, நடுவுல ஒரு ஆள் நடக்கலாம். அம்மாவுக்கு நடமாட்டம் குறைஞ்சதும் அவன் கடை வேலையை விட்டுட்டு மெஷினை வீட்டுக்கே கொண்டாந்துட்டான். நான் இங்க, அவன் அங்கன்னு நாங்களே பேசி வச்சுக்கிட்டதுதான்.

— அப்ப மெசேஜாவது போட்டுச் சொல்லியிருக்கலாமே, அந்த ஒண்ணை.

— அவன் எங்க போட்டான்? எனக்கு வர்ற மெசேஜெல்லாம் சிம் கம்பெனிக்காரன் விளம்பரம்தான். வெறும் கட்டம் கட்டமா வரும். நான் திறக்கறதே இல்ல.

— கட்டமா? எங்க காட்டுங்க... ம்மா, இது விளம்பரம் இல்ல. மேல நம்பரைப் பாருங்க. யார் நம்பரு?

— இது... தம்பி நம்பரு அண்ணே.

— இதுவும் அவருதான். அடுத்ததும். கடைசியா வந்ததைப் பாருங்க, எம்மாம் நீளம்னு.

— இதை ஏன் இப்படிக் கட்டமாப் போட்டு அனுப்பியிருக்கான்?

— அவரு நம்ம எழுத்துலதான் போட்டிருக்காரு. அவரோட பட்டன் போன்ல நம்ம எழுத்து இருக்கும். மாப்பிள்ளை வெளிநாட்டுல படிச்சவரு, நம்ம எழுத்து அவருக்குத் தெரியாது. தெரியாத எழுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டம் போட்டு வச்சுக்கிறாரு.

— படிச்சுச் சொல்லுங்க.

— எதைம்மா படிக்க? என் கண்ணுக்கும் கட்டம்தான்.

— கடையே வச்சிருக்கீங்க, ஏதாவது பண்ணுங்க அண்ணே. உங்க பட்டன் போனுக்கு இதைத் தள்ளி விடுங்க.

— வந்த மெசேஜை இன்னொருத்தருக்குத் தள்ளுற வழியே இதுல வைக்கலம்மா. சிம்மைக் கழட்டி மாத்திப் போடலாம்னா, மெசேஜ் சிம்ல இல்ல, போன் வயித்துக்குள்ள. எழுத்தை ஏத்தலாம்னா, வெளியில இருந்து எதையும் உள்ளே ஏத்த போன் செஞ்சவன் இன்னும் கதவு திறக்கல. இம்மாம் பெரிய கண்ணாடியைக் குடுத்தவன் இந்தச் சின்ன விஷயத்தை மறந்துட்டான்.

— முதல் வார்த்தை சின்னதா இருக்கு பாருங்க. அக்கான்னு இருக்கும்.

— இருக்கும்.

— அம்மான்னும் இருக்கலாம்.

— ரெண்டும் ஒரே நீளம்தானேம்மா. கட்டத்தை வச்சு ஜோசியம் பாக்க வேண்டாம். அந்த ஸ்டூல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க.

— ஒண்ணு சொல்லட்டுமா அண்ணே? இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அவன் என்ன சொல்ல வர்றான்னு எனக்கே ஒரு நினைப்பு இருந்துச்சு. "அக்கா, என்னால முடியல. அம்மாவை நீ கொஞ்ச நாள் வச்சுக்கோ"ன்னு கேக்கப் போறான்னு நினைச்சேன். நான் இருக்கிறது கம்பெனி விடுதி, ஒரு ரூம்ல நாலு கட்டில். எங்க கொண்டாந்து வைப்பேன்? லைன் கட் ஆகும்போது எனக்கு... வயித்துக்குள்ள ஒரு நிம்மதி வரும் அண்ணே. திரும்பக் கூப்பிடுறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் சும்மா போனையே பாத்துக்கிட்டு இருப்பேன். அதைத்தான் நினைச்சு நினைச்சு வேகுறேன்.

— எல்லாருக்கும் வர்றதுதான் அது. விடுங்க. இப்ப ஒண்ணு பண்ணுங்க. கடை போன்ல இருந்து நான் உங்களுக்கு அடிக்கிறேன். நீங்க எடுத்து, தம்பிகிட்ட எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க.

— ஹலோ.

— ஹலோ. நான் கடைக்காரன் பேசுறேன். சாமான் எல்லாம் வந்து சேந்துச்சா?

— என்ன சாமான்?

— சும்மா பேச்சுக்கும்மா. கட் ஆகலையே?

— ஆகல. பாத்தீங்களா, மறுபடி நல்ல பிள்ளையா நிக்குது. நீங்களும் சூப்பர்வைசர் மாதிரி கத்துறீங்க.

— தம்பி எப்படிப் பேசுவாரு?

— அதான் சொன்னேனே, பூனைன்னு. அதுலயும் ஒண்ணு சொல்லணும்னு ஆரம்பிச்சா, குரல் இன்னும் இறங்கிடும். எனக்குப் பாட்டில் ஓடுற சத்தத்துல பாதிக் காது போயிடுச்சா, ஒண்ணும் பிடிபடாது.

— இருங்க. நான் உள்ளே போய், திரைக்குப் பின்னாடி நின்னு மெதுவாப் பேசுறேன். கேளுங்க... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்...

— கேக்கல. என்ன? ம்? ... அண்ணே? அண்ணே, வச்சுட்டீங்களா?

— நான் வைக்கலம்மா. ரிசீவர் இந்தா என் கையிலதான் இருக்கு.

— நானும் வைக்கல. விரலே படல. பாருங்க, என் விரலெல்லாம் பின்பக்கம்.

— அப்படியே இருங்க. கையை இறக்காதீங்க. நான் வந்து பாக்குறேன்... அட, என்னம்மா இது, காதுக்குள்ளேயே தள்ளிடுவீங்க போல இருக்கே. கன்னத்துல தடம் விழுந்துருக்கு.

— கேக்கலைன்னா அழுத்தித்தானே பிடிக்கணும்?

— பட்டன் போன்ல பிடிக்கலாம். இதுல கண்ணாடி பூரா பட்டன்தான். பேசுறப்ப அந்த வைக்கிற செவப்புப் பட்டன் சரியா இந்த இடத்துல நிக்கும். இந்த இடம் உங்களுக்கு எங்க வருது? கன்னத்துல வருது. உங்க கன்னம்தான்ம்மா இத்தனை நாளும் போனை வச்சது.

— கன்னமா?

— ஆனா அப்படி நடக்கக் கூடாது. அதுக்குத்தான் மேல ஒரு குட்டிக் கண்ணு வச்சிருக்கான். அது கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை விடும். கன்னம் கிட்ட வந்ததும் வெளிச்சம் முட்டித் திரும்பும், உடனே திரையை அணைச்சுடும். அப்புறம் கன்னம் இல்ல, காலே பட்டாலும் ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு ஏன் அணையல... இது என்னம்மா? மேல ஒட்டியிருக்கிற இந்தக் கறுப்புப் பட்டை?

— அது என் டோக்கன் நம்பரு. கம்பெனிக்குள்ள போற எந்தச் சாமானா இருந்தாலும் டோக்கன் நம்பர் குத்துன பட்டையை ஒட்டணும். தண்ணி பாட்டில், டிபன் டப்பா, செருப்பு, எல்லாத்துக்கும். போனுக்கு மேல்பக்கம், முன்னாடி ஒட்டணும். இல்லைன்னா லாக்கர்ல வாங்க மாட்டாங்க. பரிசு குடுத்த அன்னைக்கே மேனேஜர் எதிர்ல ஒட்டினேன்.

— மத்தவங்களும் இப்படித்தான் ஒட்டியிருக்காங்களா?

— எல்லாரும் இதே இடத்துலதான். அவங்க போன்ல அங்க ஒண்ணும் இருக்காது, வெறும் பிளாஸ்டிக்குதான்.

— உங்க போன்ல கண்ணு இருந்துச்சும்மா. கண்ணு மேலேயே ஒட்டிட்டீங்க. கறுப்புப் பட்டை அந்த வெளிச்சம் பூராத்தையும் குடிச்சுடும், ஒண்ணும் திரும்பி வராது. கிட்ட யாருமே இல்லைன்னு அது பாட்டுக்கு முழிச்சுக்கிட்டு நிக்கும். இருங்க, உரிச்சு விடுறேன். பசை விட மாட்டேங்குது... இந்தா, வந்துடுச்சு. இப்பக் கையை மேல கொண்டு போறேன் பாருங்க. அணையுதா?

— அணையுது.

— எடுத்தேன். எரியுது. அவ்வளவுதான் விஷயம். போன வாரம் கோவத்துல வச்சதைத் தவிர, உங்க தம்பி ஒரு தடவைகூட உங்களை வெட்டி விடல.

— நானும் வெட்டி விடலதானே?

— நீங்களும் இல்ல.

— ஆனா அவன் அப்படித்தானே நினைச்சிருப்பான். அவன் குரலை இறக்க இறக்க நான் அழுத்த, நான் அழுத்த அழுத்த அது வைக்க... அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அக்கா வச்சுட்டான்னு. லீவு போடாம வாங்கின போனை வச்சுக்கிட்டுத் தம்பி பேச்சைக் கேக்க அக்காவுக்கு நேரமில்லைன்னு.

— எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவாரு. ஒண்ணு கேக்குறேன், அவரு ஏன்ம்மா குரலை இறக்குறாரு? உங்களுக்குக் காது மந்தம்னு அவருக்குத் தெரியாதா?

— தெரியும். சாதாரணமாப் பேசும்போது ஏத்தித்தான் பேசுவான். சாப்டியா, தூங்குனியாங்கிறதெல்லாம் கேக்குற மாதிரித்தான் கேப்பான். அந்த ஒண்ணு சொல்லணும்கிறதுக்கு மட்டும்தான் இறக்குவான்.

— யார் காதுல விழக் கூடாதுன்னு?

— வீட்டுல வேற யாரு...

— ம்.

— ரெண்டு பேருதான் அண்ணே இருக்காங்க.

— வெளியில வந்து பேசியிருக்கலாமே.

— அம்மாவைத் தனியா விட்டுட்டு இறங்க மாட்டான். ஒரு நாள் படிக்கட்டுல நின்னு கூப்பிட்டிருக்கான். அப்ப நான் லைன்ல நிக்கிறேன், போன் லாக்கர்ல. நான் பாத்துட்டுக் கூப்பிடும்போது அவன் உள்ளே போயிட்டான்... அண்ணே, அது வேற ஏதாவதா இருக்கும். அவனுக்கு யாரையாவது பிடிச்சிருக்கும். கல்யாண விஷயமா இருக்கும். அம்மாவுக்கு முன்னாடி சொல்லக் கூச்சமா இருக்கும். பூனைதானே.

— இருக்கும்மா. அப்படியும் இருக்கும்.

— அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. சளிதான்னு அம்மாவே சொன்னா. டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தோம், மாத்திரை குடுத்திருக்காருன்னு சொன்னா. நானே பேசுனேனே.

— குரலெல்லாம் எப்படி இருந்துச்சு?

— கணீர்னு... கொஞ்சம் இறங்கித்தான் இருந்துச்சு. போன் சரியில்லம்மா, சத்தமாப் பேசுன்னு நான்தான் சொன்னேன். அவளும் என்னென்னமோ முக்கி முக்கிப் பேசுனா. போனைக் குறை சொல்லிட்டேன் அண்ணே. அவளை அப்படிப் பேச வச்சுட்டேன்.

— இப்பக் கூப்பிடுங்க. என் கண்ணு முன்னாடியே கூப்பிடுங்க.

— மணி அடிக்குது... அடிக்குது... எடுக்கல. மறுபடி போடுறேன். இது வேற தொட்டா நகர மாட்டேங்குது.

— கை வேர்த்திருக்கு, அதான். இந்தாங்க துணி. கடை போன்ல கூப்பிடுங்க வேணும்னா. புது நம்பரைப் பாத்து எடுப்பாரு.

— வேண்டாம் அண்ணே. என் நம்பரைப் பாத்துத்தான் அவன் எடுக்கணும். அக்காதான் கூப்பிடுறான்னு தெரிஞ்சு எடுக்கணும். நாளைக்கு லீவு சொல்லிட்டு நேரா போய் நிக்கிறேன். பரிசாவது மண்ணாங்கட்டியாவது. போய் அம்மா கட்டில் பக்கத்துலயே உக்காந்துக்குறேன். அவன் காதோட காதாச் சொல்லட்டும், என்னன்னு கேக்குறேன்.

— நாளைக்கு எதுக்கு? இன்னைக்கே வண்டி இருந்தா ஏறுங்க. முதல்ல அதைக் கொஞ்ச நேரம் சார்ஜுல போடுங்க, மாப்பிள்ளைக்கு உசிரு ஒரு கோடுதான் இருக்கு.

— அடிக்குது. அண்ணே, அடிக்குது. தம்பிதான். அவனே கூப்பிடுறான்.

— எடுங்க, எடுங்க. காதுல வைக்காதீங்க, இந்தா இதைத் தொட்டா வெளியில கேக்கும். அப்படியே மேஜையில வச்சுப் பேசுங்க. நான் வெளியில நிக்கட்டுமா?

— இருங்க. நீங்க இருங்க... தம்பி? டேய், நான் கட் பண்ணலடா. ஒரு தடவைகூட நான் கட் பண்ணல. என் கன்னம் பட்டு அதுவா வச்சிருக்குடா, டோக்கன் பட்டையை ஒட்டித் தொலைச்சுட்டேன். நீ போட்ட மெசேஜெல்லாம் கட்டமா வந்துச்சு, எனக்குத் தெரியாதுடா. தம்பி, இருக்கியா?

— இருக்கேன்க்கா.

— இப்பச் சரி பண்ணியாச்சு. இனிமே கட் ஆகாது. நீ என்ன சொல்லணும்னு இருந்தியோ அதைச் சொல்லு. அம்மா காதுல விழாம எப்பவும் போல மெதுவாவே சொல்லு, எனக்குக் கேக்கும்.

— இனிமே மெதுவாப் பேச வேண்டியதில்லக்கா.